நூற்றைம்பத்தேழு கோடி நாட்களும் இரண்டரை நிமிடமும்

2024 இல் சித்திரை வருடப்பிறப்பு இரவு எட்டு மணி கடந்து வந்தது. 2025 இல் பின்னிரவு இரண்டரை மணியளவில். 2026 இல் காலை எட்டரை மணி தாண்டி. மருத்துநீரை எத்தனை மணிக்கு வைப்பது, புண்ணியகாலம் எப்போது தொடங்கும், கைவிசேஷம் இரவிலா விடிந்த பிறகா என்ற கேள்விகளுக்கெல்லாம் யாழ்ப்பாணத்து வீடுகளில் சுவர் ஆணியில் நூல் கட்டித் தொங்கும், பழைய மரபுக் கணக்கில் எழுதப்படும் வாக்கிய பஞ்சாங்கம் விடை சொல்லிவிடும். பிறப்பு நேரம் ஆண்டுக்கு ஆறு மணித்தியாலம் பன்னிரண்டரை நிமிடம் பின்தள்ளிப் போகிறது என்பதைக் கவனித்தவர்கள் பலர். அந்தப் பன்னிரண்டரை நிமிடம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், ஒரே ஓர் எண்ணில் போய் நிற்போம்.

1,577,917,500.

நூற்று ஐம்பத்தேழு கோடியே எழுபத்தொன்பது இலட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு. ஒரு சதுர்யுகத்தில், அதாவது 4,320,000 ஆண்டுகளில், அடங்கும் நாட்களின் தொகை என்று பண்டைய வானியலறிஞர் ஆரியபடர் கணக்கிலிருந்து கிடைப்பது இது. கி.பி. 499 ஐ ஒட்டி எழுதிய நூலில் அவர் இதை நேராகச் சொல்லவில்லை. ஒரு யுகத்தில் சூரியன் 4,320,000 சுற்று வருகிறது என்றும், பூமி கிழக்கு நோக்கி 1,582,237,500 முறை சுழல்கிறது என்றும் சொன்னார். விண்மீன்களை வைத்துப் பார்த்தால் பூமி சுழலும் தடவைகள், நாம் காணும் விடியல்களைவிட ஆண்டுக்கு ஒன்று கூடுதலாக இருக்கும். சூரியனைச் சுற்றி வருவதிலேயே ஒரு சுழற்சி கரைந்துவிடுகிறது. ஆகவே இரண்டாவது எண்ணிலிருந்து முதலாவதைக் கழித்தால் விடியல்களின் எண்ணிக்கை. கழித்துப் பாருங்கள், மேலே எழுதிய எண் வரும்.

யுகம், சதுர்யுகம் என்றதும் பலருக்கு இது புராணத்துப் பெரிய எண், பிரமிப்புக்காகச் சொன்னது என்று தோன்றும். எனக்கும் வெகுகாலம் அப்படித்தான் தோன்றியது. இந்த எண்ணின் அருமை அதன் பருமனில் இல்லை என்பது காரணிகளைப் பிரித்துப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. எவ்வளவு சிறிய எண்ணாக இது சுருங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சாதாரண தரத்துக்கு முன்பே பிள்ளைகள் படிக்கும் பொதுக் காரணிகளுட் பெரியதை, பொ.கா.பெ. என்று நாம் சுருக்கிச் சொல்வதை, இங்கே எடுத்துக்கொள்வோம். 1,577,917,500 ஐயும் 4,320,000 ஐயும் வைத்துக்கொண்டு, பெரியதைச் சிறியதால் வகுத்து, மீதியால் மறுபடி வகுத்து, மீதியில்லாமல் போகும் வரை செய்ய வேண்டும். முதல் வகுத்தலில் ஈவு 365, மீதி 1,117,500. அடுத்து ஈவு 3, மீதி 967,500. பிறகு 1, 6, 2, 4 என்று ஈவுகள் வந்து, கடைசியில் 15,000 ஐ 7,500 சரியாக இரண்டு முறை வகுத்துவிடுகிறது. ஏழே படி. நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினால் பாதித் தாள்கூட நிரம்பாது.

பொ.கா.பெ. 7,500. இரண்டு எண்களையும் அதனால் வகுத்தால் மேலே 210,389 நாட்கள், கீழே 576 ஆண்டுகள். நாற்பத்து மூன்று இலட்சம் ஆண்டுக் கணக்கு முழுவதும் இந்த 576 ஆண்டுக்குள் மடிந்து கிடக்கிறது. 576 ஆண்டுகளில் 210,389 நாட்கள். மிச்சம் மீதி எதுவும் இல்லை. சதுர்யுகம் என்பது இந்த மடிப்பை 7,500 முறை விரித்தது, அவ்வளவுதான்.

முழுக் காரணிகளையும் பார்த்துவிடுவோம். நமது எண் 4 × 3 × 625 × 61 × 3449. இதில் 61 உம் 3449 உம் முதன்மை எண்கள். யுகத்தின் ஆண்டுத் தொகையோடு இவை சேர மறுக்கின்றன. 4,320,000 இல் இரண்டும் மூன்றும் ஐந்தும் தவிர வேறு முதன்மை எண் கிடையாது. ஆகவே சுருங்கக்கூடியது எல்லாம் சுருங்கிய பின்னும் 61 × 3449 மட்டும் 210,389 ஆக நின்றுவிடுகிறது. வானத்தில் இவ்விரண்டுக்கும் தனிப் பொருள் எதையும் நான் காணவில்லை. எண்ணின் நான்கில் ஒரு பங்கும் பத்தில் ஒரு பங்கும் முழு நாட்களாகவே வருகின்றன என்பதற்கோ பொருள் உண்டு. ஆரியபடர் சதுர்யுகத்தை நான்கு சம பாகமாகப் பிரித்தவர். மரபு வழி கலியுகத்தைப் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டது. இரண்டு வழியிலும் நாள் துண்டாகாது.

இனி 576 ஐக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அது 24 இன் வர்க்கம். இரண்டும் மூன்றும் மட்டுமே சேர்ந்து பெருகிய எண். இதன் விளைவு நாழிகைக் கணக்கில் தெரியும்.

ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி, ஒரு விநாடிக்கு 60 தற்பரை. (இந்த விநாடி பழைய விநாடி, 24 செக்கன் கொண்டது, நாம் இப்போது சொல்லும் செக்கனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.) ஒரு நாளில் 216,000 தற்பரை. அதை 576 ஆல் வகுத்தால் சரியாக 375. ஆகவே ஒரு நாளின் 576 இல் ஒரு பங்கு 375 தற்பரை. நமது மணிக்கூட்டில் இரண்டரை நிமிடம்.

365 ஐ 576 ஆல் பெருக்கி 210,389 இலிருந்து கழித்தால் 149 மிஞ்சும். அதாவது ஓர் ஆண்டு என்பது 365 நாளும், 149 இரண்டரை நிமிடத் துண்டுகளும். 149 ஐ 375 ஆல் பெருக்கினால் 55,875 தற்பரை. அதைப் பிரித்தால் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பங்களில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த ஆண்டளவு இதுதான்: 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, அங்கே முடிந்துவிடுகிறது. நாம் பள்ளியில் எழுதும் தசமத்தில் எழுதினால் 365.2586805555... என்று ஐந்துகள் முடிவில்லாமல் ஓடும், ஏனென்றால் பத்துக்கு மூன்று காரணியல்ல. அறுபதுக்கு மூன்று காரணி. அறுபதால் எண்ணுகிறவன் கைக்கு இந்த ஆண்டு முழுதாக அகப்படுகிறது. ஆறு மணித்தியாலம் பன்னிரண்டரை நிமிடம் என்பது இந்தப் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரைதான்.

கையால் கணிக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்பதைக் கணினிக் காலத்தில் உணர்வது கடினம். 1825 இல் புதுச்சேரியில் ஜோன் வாரன் என்ற ஐரோப்பியர், அங்கே வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனத்தில் இருந்த வாய்பாடுகளைக் கொண்டே, ஓர் இலக்கத்தைக்கூட எழுதாமல் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்தார். யாழ்ப்பாணத்திலும் இந்தக் கலை வலுவாக இருந்தது. வட்டுக்கோட்டை செமினரியில் கற்பித்த அமெரிக்க மிஷனரி ஹொய்சிங்டன், தமிழில் இருந்த சோதிட நூலொன்றை ஆங்கிலமாக்கி விளக்கங்களோடு 1848 இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். சோழிக்கும் நினைவுக்கும் அடங்க வேண்டுமென்றால் எண் நன்றாக முடிய வேண்டும். இந்த எண் முடிகிறது.

இப்போது கணக்கைச் செய்து பார்ப்போம். கலியுகம் பிறந்து கழிந்த ஆண்டுகளை 210,389 ஆல் பெருக்க வேண்டும். அதிலிருந்து 1,237 ஐக் கழிக்க வேண்டும். 576 ஆல் வகுக்க வேண்டும். 1,237 ஏன் என்றால், சூரியன் ஒரே வேகத்தில் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கைவிட உண்மையான சூரியன் 2 நாள் 8 நாழிகை 51 விநாடி 15 தற்பரை முன்னதாகவே மேட ராசியில் கால் வைத்து, வருடத்தைப் பிறப்பித்துவிடுகிறது. அந்த முன்நேரத்தை 576 இன் பங்குகளாக்கினால் 1,237.

2025 சித்திரைக்குக் கழிந்த கலி ஆண்டு 5,126. பெருக்கினால் 1,078,454,014. கழித்தால் 1,078,452,777. வகுத்தால் ஈவு 1,872,313, மீதி 489. ஈவை ஏழால் வகுத்தால் மீதி 2. கலி வெள்ளிக்கிழமை பிறந்தது, வெள்ளியிலிருந்து இரண்டு தள்ளினால் ஞாயிறு. மீதி 489 ஐ இரண்டரை நிமிடத்தால் பெருக்கினால், ஞாயிறு உதயத்திலிருந்து 20 மணித்தியாலம் 22 நிமிடம் 30 செக்கன். உதயத்தைக் காலை ஆறு மணி என்று வைத்தால், ஞாயிறு கழிந்து திங்கள் பின்னிரவு 2.22. பஞ்சாங்கத்தில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊரின் உதயத்தைச் சேர்த்துக்கொள்வதால் இதிலிருந்து சில நிமிடம் விலகி நிற்கும். 2025 ஏப்ரல் 14 திங்கட்கிழமை பின்னிரவில் விசுவாவசு ஆண்டு பிறந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அடுத்த ஆண்டுக்கு இவ்வளவு பெருக்கலும் தேவையில்லை. 489 உடன் 149 ஐக் கூட்டுங்கள், 638. 576 ஐத் தாண்டிவிட்டதால் அதைக் கழித்து, கிழமையில் ஒன்று கூடுதலாக ஏற்றிக்கொள்ளுங்கள். மீதி 62. உதயத்திலிருந்து 2 மணித்தியாலம் 35 நிமிடம், செவ்வாய்க்கிழமை. பராபவ ஆண்டின் பிறப்பு அதுதான். 1995 இடப்பெயர்விலும் பிறகும் பழைய பஞ்சாங்கக் கட்டுகளை இழந்த வீடுகள் எத்தனையோ. தொலைந்துபோன எந்த ஆண்டின் பிறப்பு நேரத்தையும் 149 ஐக் கூட்டியும் கழித்தும் திரும்ப எடுத்துவிடலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

149 ஒரு முதன்மை எண். 576 உடன் அதற்குப் பொதுக் காரணி இல்லை. ஆகவே 149, 149 ஆகத் தாவிப் போகும்போது, நாளின் 576 துண்டுகளில் ஒன்றையும் விடாமல், ஒன்றையும் இருமுறை மிதிக்காமல், 576 ஆண்டுகளில் எல்லாத் துண்டுகளிலும் வருடப்பிறப்பு ஒவ்வொரு முறை வந்து போகும். பொதுக் காரணி இருந்திருந்தால் சில நேரங்களில் வருடம் பிறக்கவே பிறந்திராது. இந்த 576 ஆண்டுகளில் 149 ஆண்டுகளுக்கு 366 நாட்கள், மீதிக்கு 365.

முன்னே வந்த ஈவுகளை, 365க்குப் பிறகான 3, 1, 6, 2, 4, 2 ஐ, மறந்துவிட வேண்டாம். அவற்றை வரிசையாக அடுக்கிப் பின்னங்களாக்கினால் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, இருபத்தேழில் ஏழு, ஐம்பத்தெட்டில் பதினைந்து, 259 இல் 67 என்று வந்து, கடைசியில் 576 இல் 149 இல் நிற்கும். இதில் ஐம்பத்தெட்டு மிக அழகானது. 58 × 149 = 8,642; 15 × 576 = 8,640. வித்தியாசம் இரண்டே துண்டு, ஐந்து நிமிடம். அதாவது 58 ஆண்டுக்கு முன் வருடம் பிறந்த அதே நேரத்தில், ஐந்து நிமிடம் மட்டும் பிந்தி, மறுபடி பிறக்கும். 1967 சித்திரையின் பஞ்சாங்கம் யாராவது வீட்டுப் பெட்டியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 2025 இன் நேரத்தோடு கூடப்பிறந்ததுபோல் இருக்கும். கிழமை மட்டும் மூன்று நாள் தள்ளியிருக்கும்.

வருடம் சரியாக உதயத்தில், மீதி பூச்சியமாக, எப்போது பிறக்கும்? 149 ஐ எந்த எண்ணால் பெருக்கினால், 576 ஆல் வகுக்கும்போது 85 மிஞ்சும் என்று கேட்பதற்கு இது சமம், ஏனென்றால் 1,237 இலிருந்து இரண்டு 576 ஐக் கழித்தால் 85. இத்தகைய கேள்விகளுக்கு விடை காணும் முறைக்குக் குட்டகம் என்று பெயர். ஆரியபடரே தம் நூலில் கொடுத்தது. மேலே சொன்ன ஈவுகளைப் பின்னோக்கி ஏறிப் போவதுதான் அது. 259 × 149 என்பது 67 × 576 ஐவிட ஒன்றே ஒன்று குறைவு என்று அந்த ஏற்றத்தில் தெரியவரும். அதிலிருந்து விடை 449. கலி 449 இலும், பிறகு ஒவ்வொரு 576 ஆண்டுக்கு ஒருமுறையும், வருடப்பிறப்பு உதயத்தோடு ஒன்றாக வரும்.

449 உடன் எட்டு 576 ஐக் கூட்டினால் 5,057. கி.பி. 1956.

இதை முதன்முதல் கணித்தபோது எழுதிய தாளை மறுபடி மறுபடி சரிபார்த்தேன். 5,057 ஐ 210,389 ஆல் பெருக்கி 1,237 ஐக் கழித்து 576 ஆல் வகுத்தால் ஈவு 1,847,111, மீதி பூச்சியம். அந்த ஈவை ஏழால் வகுத்தால், அங்கேயும் மீதி பூச்சியம். வெள்ளிக்கிழமை. 1956 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை உதயத்தில், துன்முகி ஆண்டு. கலி பிறந்ததாகக் கொண்ட அதே கிழமை, அதே வேளை. நேரம் மட்டும் திரும்ப 576 ஆண்டு போதும். கிழமையும் சேர்ந்து திரும்ப, 576 ஆண்டுக்குக் கிழமை நான்கு நகர்வதால், ஏழு மடங்கு வேண்டும். அது 4,032 ஆண்டு. இதற்கு முன் இப்படி அமைந்தது கி.மு. 2077 இல், இனி அமைவது கி.பி. 5988 இல். ஆரியபடர் காலம் முதல் இன்றுவரை இந்தக் கணக்குப் போட்ட யாரும் வாழ்நாளில் கண்டிருக்கக்கூடிய ஒரே இரட்டைப் பூச்சியம் 1956 இல் வந்தது. அந்த விடியலில் கோயிலுக்குப் போன நம் பாட்டன் பாட்டிமாருக்கு இது தெரிந்திருக்குமா என்று அடிக்கடி நினைப்பேன். தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு என்பதால் 1956 நமக்கு வேறு காரணத்தால் நினைவில் நிற்கிறது. எண்ணுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, சோதிடம் பேசவும் நான் வரவில்லை.

இந்த எண்ணுக்கு நெருங்கிய உறவினர்கள் இருவர் உண்டு. சூரிய சித்தாந்தம் கொடுப்பது 1,577,917,828; வெறும் 328 நாள் கூடுதல். ஆண்டளவில் ஏழு செக்கன்கூட வேறுபடாது. ஆனால் காரணிகளைப் பாருங்கள்: 4,320,000 உடன் இதற்குள்ள பொ.கா.பெ. 4 மட்டுமே. ஆகவே 576 ஆண்டில் முடிந்த வட்டம் இங்கே 1,080,000 ஆண்டு கேட்கிறது. வானத்தில் ஏறக்குறைய ஒரே அளவு, தாளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மற்ற உறவினர் 1,577,917,800. இதுவும் ஆரியபடருடையதே, நாளை உதயத்தில் தொடங்காமல் நள்ளிரவில் தொடங்கும் அவருடைய இன்னொரு முறைக்கு உரியது. 300 நாள் ஏன் கூடியது? ஆரியபடர் தமக்கு இருபத்து மூன்று வயதானபோது கலியில் அறுபது முறை அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன என்று எழுதினார். 3,600 ஆண்டு. 3,600 ஐ 576 ஆல் வகுத்தால் ஆறேகால்; ஆறேகாலை 210,389 ஆல் பெருக்கினால் 1,314,931 நாளும் கால் நாளும். உதயத்திலிருந்து கால் நாள் என்றால் நண்பகல். மற்ற எண்ணில் கணித்தால் 1,314,931 நாளும் அரை நாளும். நள்ளிரவிலிருந்து அரை நாள் என்றால் அதே நண்பகல். 499 மார்ச் 21, ஞாயிற்றுக்கிழமை. கால் நாள் வித்தியாசத்தை 3,600 ஆண்டுக்குப் பரப்பினால், யுகத்துக்கு 300 நாள். இரு முறைகளும் அவர் காலத்து ஒரே நண்பகலில் கைகோக்கும்படி எண்கள் அமைந்திருக்கின்றன. தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். விண்மீன்களை வைத்து இன்று அளந்த ஆண்டு 365 நாள் 6 மணித்தியாலம் 9 நிமிடம் 10 செக்கன். நமது எண் தருவது 3 நிமிடம் 20 செக்கன் கூடுதல். யுகக் கணக்கில் பார்த்தால் 1,577,917,500 என்பது ஏறத்தாழ 10,000 நாள் மிகை; பத்து இலட்சத்துக்கு ஆறு என்ற அளவில் பிழை. தொலைநோக்கி இல்லாத காலத்துக்கு இது வியக்கத்தக்க நெருக்கம்தான், என்றாலும் பிழை பிழையே, ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கமும் வருடப்பிறப்புக்கு வேறு வேறு நேரம் சொல்லும்போது வீட்டில் எதைப் பின்பற்றுவது என்று பேச்சு எழுகிறது. வானத்தோடு ஒட்டிப் போவது இன்றைய வானியல் அளவுகளால் கணிக்கும் திருக்கணிதம், அதில் எனக்கு ஐயமில்லை. வாக்கியத்தின் எண்ணை நான் நேசிப்பது அதன் உள்ளமைப்புக்காக.

நேரத்துக்கு மட்டும் அடுத்த பூச்சியம் கலி 5,633 இல், கி.பி. 2532 இல். 1956 ஏப்ரல் 13 இலிருந்து 210,389 நாட்களை எண்ணிப் போனால் அது 2532 ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை. நாட்காட்டியில் ஒன்பது நாள் நகர்ந்திருக்கும். அதில் எட்டு நாள், பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் விண்மீன் ஆண்டுக்கும் பருவ ஆண்டுக்கும் இடையே விழும் இடைவெளி. எந்தப் பஞ்சாங்கம் விண்மீனைப் பின்பற்றினாலும் அது வரும். மிச்சம் ஒரு நாளும் சில மணித்தியாலமும்தான் இந்த எண்ணின் சொந்தக் கடன்.